பிள்ளையைக் காரில் ஏற்றுமுன்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வரும் குடும்பங்களுக்கு ஒரு கார் சீற் வழிகாட்டி

ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கும் குடும்பத்தைக் கூட்டிப்போக ஒரு வான் வரும். அதற்குள் சித்தப்பா, மாமி, மச்சான் என்று நாலு பேர் ஏற்கெனவே இருப்பார்கள். கட்டிப்பிடித்து, அழுது, பெட்டிகளை அடுக்கி முடித்ததும் யாராவது கையை நீட்டுவார்கள்: "பிள்ளையை இங்கை தாங்கோ, நான் மடியிலை வைச்சிருக்கிறன்." அன்பில் வரும் பேச்சு அது. ஒன்ராறியோவுக்கு வந்த குடும்பம் முதல் மணித்தியாலத்திலேயே சட்டத்தை மீறுவதும் அந்த இடத்தில்தான்.

எங்கள் மூத்தவளும் பதினொரு மாதப் பிள்ளையாக அப்படித்தான் வந்து சேர்ந்தாள், அம்மாவின் மடியில், 401 நெடுஞ்சாலை வழியாக ஸ்காபரோவுக்கு. வழியில் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அந்த இரவை இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது. புறப்படுவதற்கு முன்பே யாராவது எங்களுக்கு இதைச் சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மடி ஏன் போதாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கார் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது; அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர். எதிலோ மோதி, விநாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். அந்தக் கணத்தில் 10 கிலோ பிள்ளையைப் பிடித்து நிறுத்த, 280 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது இல்லை. வைத்திருப்பவர் பெல்ற் போடாவிட்டால் அவருடைய முழுப் பாரமும் பிள்ளைமேல் போய் விழும். இருவரையும் ஒரே பெல்ற்றுக்குள் கட்டினாலோ, பெல்ற்றுக்கும் பெரியவருக்கும் நடுவில் பிள்ளை நசுங்கும். ஆகவே நாலு வீடு தள்ளிப் போவதென்றாலும் மடி வேண்டாம். பிள்ளைக்கென்றே செய்த, காரின் ஆசனத்தில் பூட்டும் தனி இருக்கையான கார் சீற்தான் வேண்டும்.

சட்டம் யாரைக் கேட்கும்?

கனடாவில் சீற் பெல்ற்றை முதலில் கட்டாயமாக்கிய மாகாணம் ஒன்ராறியோ. அது 1976 ஜனவரி 1இல். வளர்ந்த பிள்ளையை உயர்த்தி இருத்தும் பூஸ்ரர் சீற் 2005 செப்ரெம்பர் 1 முதல் சட்டத்துக்குள் வந்தது. இவை நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 106ஆம் பிரிவிலும், அதன்கீழ் வரும் 613ஆம் ஒழுங்குவிதியிலும் இருக்கின்றன. எண்களை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்க வேண்டாம்: காரில் இருக்கும் 16 வயதுக்குக் குறைந்த எல்லோருக்கும் பொறுப்பு, காரை ஓட்டுபவர். பிள்ளையின் தகப்பன் பக்கத்திலேயே இருந்தாலும் ரிக்கெற், அதாவது தண்டச் சீட்டு, ஓட்டுபவருக்குத்தான். பேரனை நேர்சரியால் கூட்டிவரும் அம்மப்பா, பிள்ளை பார்க்க வரும் அக்கா, வகுப்புத் தோழனையும் சேர்த்து ஏற்றிவரும் பக்கத்து வீட்டு அண்ணை, எல்லோருக்கும் இதே விதி.

தண்டம் வழக்கமாக 240 டொலர். கூடவே ஓட்டுநர் பதிவில் 2 குற்றப் புள்ளிகள். சட்டம் விதிக்கக்கூடிய அபராதம் 200 முதல் 1000 டொலர் வரை போகும். புள்ளிகள் இரண்டு வருடம் பதிவில் நிற்கும். புதிதாக வந்தவர்கள் பலர் ஜி1 அல்லது ஜி2 எனும் புதிய ஓட்டுநர் உரிமத்தில் இருப்பார்கள். முழு உரிமக்காரருக்கு 15 புள்ளியில் உரிமம் இடைநிறுத்தப்படும் என்றால், ஜி1, ஜி2காரருக்கு 9 புள்ளியிலேயே அது நடக்கும். காப்புறுதிக் கட்டணம் ஏறவும் இது காரணமாகலாம்.

இன்னொன்று, ஆளெண்ணிக்கை. காரில் வேலைசெய்யும் பெல்ற் எத்தனையோ அத்தனை பேர்தான் ஏறலாம். ஏழு பெல்ற் உள்ள வானில் எட்டாவது ஆள் ஒரு வயதுப் பிள்ளையாக இருந்தாலும் அவர் எட்டாவது ஆள்தான்.

விமானம் ஏறுவதற்கு முன்

சரி, வேலைக்கு வருவோம். கொழும்பிலோ சென்னையிலோ இலண்டனிலோ வாங்கிய கார் சீற்றைக் காவிக்கொண்டு வராதீர்கள். கனடாவில் பயன்படுத்தும் ஒவ்வொரு பிள்ளைகள் சீற்றிலும் தேசியப் பாதுகாப்பு முத்திரை இருக்கவேண்டும். மேப்பிள் இலை வடிவம், அதற்குள் ஒரு எண். அதுதான் அந்த முத்திரை. அது இல்லாத சீற் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இங்கே சட்டப்படி செல்லாது. நியூ ஜேர்சியில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் எல்லை தாண்டிக் கொண்டுவந்து தரும் அமெரிக்க சீற்றுக்கும் இதே கதை. அவர் ஆசையாகத் தருவார். முத்திரை இல்லையென்றால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாகச் செய்யவேண்டியது: பிள்ளையின் எடை, உயரம், வயது மூன்றையும் அளந்து, உங்களைக் கூட்டிப்போக வரும் சொந்தக்காரருக்கு வாட்ஸப்பில் இரண்டு கிழமைக்கு முன்பே அனுப்புங்கள். சீற்றை அவர் வாங்கி, வானில் பூட்டி, சரிபார்த்த பிறகு விமான நிலையத்துக்கு வரட்டும். குளிர்காலத்தில், வாகனத் தரிப்பிடத்தில், நித்திரை தூங்கி விழும் பிள்ளையை வைத்துக்கொண்டு கார் சீற்றைப் பூட்டிப் பழக முடியாது.

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் வந்த புதிதில் ஒவ்வொரு டொலரும் கணக்கு. முத்திரையுள்ள எல்லா சீற்றும் கனடாவின் ஒரே தரநிலையைத் தாண்டியவை. மலிவான சீற்றைச் சரியாகப் பூட்டினால், பிழையாகப் பூட்டிய விலையுயர்ந்த சீற்றைவிட அது பிள்ளையை நன்றாகக் காக்கும். மென்மையான துணி, குவளை வைக்கும் இடம், சுலபமாகக் கழற்றும் வசதி இவற்றுக்குத்தான் பெரும்பாலும் மேலதிகக் காசு போகிறது.

பாவித்த சீற் வாங்குவதானால் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். விபத்தில் சிக்கியதா, கையேடு இருக்கிறதா, எல்லாப் பாகமும் இருக்கிறதா என்று கேளுங்கள். சீற்றின் பின்புறத்திலோ அடியிலோ உற்பத்தித் திகதியும் காலாவதித் திகதியும் இருக்கும். ஆம், கார் சீற்றுக்கும் காலாவதி உண்டு. வெயிலிலும் குளிரிலும் பிளாஸ்ரிக் நலிந்துபோகிறது, தரநிலையும் மாறுகிறது. முன்பின் தெரியாதவரிடம் இணைய விளம்பரம் பார்த்து வாங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வெளியில் ஒரு கீறல் இல்லாத சீற்றுக்குள் வெடிப்பு இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. புதிது வாங்கினால் பெட்டிக்குள் ஒரு பதிவு அட்டை இருக்கும். அதை நிரப்பி அனுப்புங்கள். அந்த மாதிரியில் குறை கண்டு நிறுவனம் திருப்பி அழைத்தால், உங்களுக்குத் தகவல் வர அது ஒன்றுதான் நிச்சயமான வழி.

எந்தப் பிள்ளைக்கு எந்த சீற்?

சட்டம் பிள்ளைகளை எடையால் பிரிக்கிறது. இங்கே இன்னமும் பலர் றாத்தலில் பேசுவார்கள் என்பதால் இரண்டையும் தருகிறேன்.

9 கிலோவுக்கு, அதாவது 20 றாத்தலுக்குக் குறைந்த பிள்ளை, காரின் பின்பக்கத்தைப் பார்க்கும் சீற்றில் இருக்கவேண்டும். 9 முதல் 18 கிலோ வரை, அதாவது 20 முதல் 40 றாத்தல் வரை, ஐந்து முனையில் பட்டி கட்டும் பிள்ளைகள் சீற். 18 முதல் 36 கிலோ, அதாவது 40 முதல் 80 றாத்தல் வரை எடையும், 145 சென்ரிமீற்றருக்குக் குறைந்த உயரமும், 8க்குக் குறைந்த வயதும் உள்ள பிள்ளைக்கு பூஸ்ரர். 8 வயது, 36 கிலோ, 145 சென்ரிமீற்றர் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டால் சட்டப்படி பெரியவர்களின் பெல்ற்றுக்கு மாறலாம்.

எண்கள் இவ்வளவுதான். ஆனால் இந்த எண்களை எங்கள் ஆட்கள் படிக்கும் விதத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சட்டம் சொல்வது ஆகக் குறைந்த அளவு. அந்த எடை வந்த அன்றே மாற்றவேண்டும் என்று அது சொல்லவில்லை. பல்லு முளைப்பதுபோல, நடை பழகுவதுபோல, முன்பக்கம் திருப்புவதையும் ஒரு வளர்ச்சியாகக் கொண்டாடுகிறோம். உண்மையில் ஒவ்வொரு மாற்றத்திலும் பிள்ளைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஒரு படி குறைகிறது. ஆகவே சீற் இடம் தரும்வரை அதிலேயே வைத்திருங்கள்.

பின்பக்கம் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். பிறந்த பிள்ளையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. அந்தப் பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாக எலும்பாகச் சேரவில்லை. முன்பக்கம் பார்க்கும் பிள்ளை மோதலில் தோளால் பிடிபட, தலை மட்டும் முன்னே பாய்ந்து கழுத்தை இழுக்கும். பின்பக்கம் பார்த்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீற்றின் முதுகு ஒன்றாக ஏந்திக்கொள்ளும். இங்கே விற்கும் பெரிய சீற்றுகள் பலவற்றில் 18 கிலோ வரையும், சிலவற்றில் அதற்கு மேலும் பின்பக்கம் பார்த்தே வைத்திருக்கலாம். "பிள்ளைக்குக் கால் மடங்குது, பாவம்" என்று வீட்டில் சொல்வார்கள். பிள்ளைகள் சம்மணம் போட்டோ காலைத் தூக்கிப்போட்டோ சுகமாகத்தான் இருப்பார்கள். கவனிக்கவேண்டியது தலையை. உச்சந்தலைக்கும் சீற்றின் மேல்விளிம்புக்கும் இடையில் 2.5 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இடைவெளி வந்தால் அந்த சீற் சிறுத்துவிட்டது என்று அர்த்தம்.

முன்பக்கம் திருப்பும்போது ஒரு நுணுக்கம்: சட்டம் 9 கிலோ என்றாலும், இங்கே விற்கும் சீற்றுகளின் லேபல் ஆகக் குறைந்தது 10 கிலோ, அதாவது 22 றாத்தல் கேட்கும். தானாக நடக்கக்கூடிய பிள்ளையா என்றும் பார்க்கும். உற்பத்தியாளர் சொல்லும் அளவுதான் அந்த சீற்றுக்கு எல்லை. அப்புறம், முன்பக்கம் பார்க்கும் சீற்றுக்கு மேற்பட்டி கட்டாயம். சீற்றின் பின்புறம் மேலிருந்து தொங்கும் ஒற்றைப் பட்டி அது. இங்கே ரெதர் என்பார்கள். காரின் பின் ஆசனத்துக்குப் பின்னால் இருக்கும் கொளுவியில் அதை மாட்டி இறுக்கவேண்டும். அதைத் தொங்கவிட்டபடியே ஓடும் கார்களை ஒவ்வொரு கிழமையும் காண்கிறேன். அது மாட்டியிருந்தால் மோதலில் பிள்ளையின் தலை அவ்வளவு தூரம் முன்னே பாயாது, முன் சீற்றில் அடிபடாது.

பூஸ்ரர் விஷயத்தில் அவசரம் இன்னும் அதிகம். எங்கள் பிள்ளைகளில் பலர் மெலிந்த உடம்புக்காரர். ஐந்து வயதில் 17 கிலோவாக இருக்கும் பிள்ளை, வகுப்பில் எல்லோரும் பூஸ்ரரில் போகிறார்கள் என்று அழுதாலும், பட்டி உள்ள சீற்றில்தான் இருக்கவேண்டும். 18 கிலோ வந்த பிறகும், உங்கள் சீற் 65 றாத்தல், அதாவது ஏறத்தாழ 30 கிலோ வரை தாங்கும் என்றால் அதிலேயே தொடருங்கள். பூஸ்ரர் செய்வது ஒரே வேலை: பிள்ளையை உயர்த்தி, காரின் பெல்ற் சரியான எலும்பில் படச் செய்வது. அதனால் இடுப்புக்கும் தோளுக்கும் சேர்த்துப் போடும் பெல்ற் உள்ள இடத்தில்தான் பூஸ்ரரை வைக்கவேண்டும். பிள்ளை இல்லாத நேரத்திலும் அதற்கு பெல்ற்றைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மோதலில் அது பறந்து வந்து யாருடைய தலையிலாவது அடிக்கும்.

எட்டாவது பிறந்தநாளன்று பூஸ்ரரை எறிந்துவிடும் வீடுகள் நிறைய. எட்டு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் 145 சென்ரிமீற்றருக்கு வெகு கீழே இருப்பார்கள். பிறந்தநாளைப் பார்க்காமல் பெல்ற்றைப் பாருங்கள். பிள்ளை முதுகை ஆசனத்தில் முழுதாகச் சாய்த்து இருக்கட்டும். முழங்கால் ஆசனத்தின் விளிம்பில் மடிகிறதா? கீழ்ப்பட்டி வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படுகிறதா? மேற்பக்கம் கழுத்தில் உராயாமல் தோளின் நடுவில் போகிறதா? அப்படியே, சரியாமல், ரொறன்ரோவிலிருந்து மொன்றியல்வரை இருக்குமா? ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் பூஸ்ரர் தொடரட்டும். வயிற்றில் ஏறிய பெல்ற் மோதலில் குடலையும் ஈரலையும் நசுக்கும். தோள் பெல்ற்றைக் கைக்குக் கீழே விட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு மார்பைப் பிடிக்க எதுவுமே இல்லை.

பூட்டும் முறை

ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். சீற்றின் கையேடு, காரின் கையேடு, இரண்டும் கையில் இருக்கட்டும்.

முதலில் இடம். பின் ஆசனம்தான். நடுப்பகுதி பக்கவாட்டு மோதலிலிருந்து தூரம் என்பதால் நல்லது, ஆனால் அங்கே சீற் ஆடாமல் நிற்காவிட்டால் ஓரத்துக்கு மாற்றுங்கள். பின்பக்கம் பார்க்கும் சீற்றை, எயார்பாக் எனும் காற்றுப்பை வேலைசெய்யும் முன் ஆசனத்தில் ஒருநாளும் வைக்காதீர்கள். எயார்பாக் விரியும் வேகத்தில் பிள்ளையின் தலை இருக்கும் பக்கத்தையே அறையும்.

பிறகு எதனால் பூட்டுவது. 2002 செப்ரெம்பருக்குப் பிறகு கனடாவுக்கென்று தயாரித்த கார்களில், பின் ஆசனத்தின் முதுகும் இருக்கையும் சந்திக்கும் இடுக்கில் இரும்பு வளையங்கள் இருக்கும். இங்கே யூஏஎஸ் என்பார்கள், அமெரிக்காவில் லாட்ச், ஐரோப்பாவில் ஐசோஃபிக்ஸ். அதையோ காரின் பெல்ற்றையோ, ஏதாவது ஒன்றைப் பயன்படுத்துங்கள். இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் கூடுதல் உறுதி என்று நினைக்கத் தோன்றும். கையேடு அனுமதித்தாலொழிய அப்படிச் செய்யக்கூடாது. அந்த வளையங்களுக்கு எடை எல்லை உண்டு. பிள்ளை அதைத் தாண்டியதும் பெல்ற்றுக்கு மாறவேண்டும்.

பெல்ற்றால் பூட்டும்போது, சீற்றில் அது போகவேண்டிய துவாரத்தைக் கவனியுங்கள். பின்பக்கம் பார்க்க ஒரு வழி, முன்பக்கம் பார்க்க இன்னொரு வழி இருக்கும். மாறிவிட்டால் எல்லாமே வீண். பல கார்களில் பெல்ற்றை முழுதாக வெளியே இழுத்து மெல்ல விட்டால் டிக் டிக் என்று பூட்டிக்கொண்டே உள்ளே போகும். அந்தச் சத்தம் வரவேண்டும். சீற்றின்மேல் முழங்காலை ஊன்றி உங்கள் பாரத்தைக் கொடுத்தபடி, கையால் பெல்ற்றை இழுத்து இறுக்குங்கள். பின்பக்கம் பார்க்கும் சீற்றுக்குச் சாய்வும் முக்கியம். நிமிர்ந்து நின்றால் பச்சைக் குழந்தையின் தலை முன்னே விழுந்து மூச்சு அடைபடும். சாய்வைக் காட்ட சீற்றின் பக்கத்தில் கோடோ குமிழோ இருக்கும்.

இப்போது சோதனை. பெல்ற் போகும் இடத்தில் சீற்றைப் பிடித்து இடம்வலமாகவும் முன்பின்னாகவும் ஆட்டுங்கள். 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் அசைந்தால் கழற்றித் திரும்பப் பூட்டவேண்டும்.

எங்கள் சீற்றை நானே பூட்டினேன், நன்றாகத்தான் பூட்டியிருக்கிறேன் என்று நாலு மாதம் நம்பியிருந்தேன். ஒரு சனிக்கிழமை கார் சீற் சரிபார்க்கும் முகாம் ஒன்றுக்குப் போனோம். பயிற்சி பெற்ற பெண்மணி ஒருவர் ஒரு கையால் தொட்டதும் சீற் கதவுவரை போய் வந்தது. அவர் திட்டவில்லை. என்னையே கழற்றிப் பூட்டச் சொன்னார், மூன்று தரம். மூன்றாவது தரம்தான் அது அசையாமல் நின்றது. அந்த அரை மணித்தியாலத்துக்கு நான் என்றும் கடன்பட்டவன். பொதுச் சுகாதார அலுவலகங்களும் சமூக அமைப்புகளும் இப்படியான முகாம்களை நடத்துகின்றன. கனடாவின் சிறுவர் பயணிகள் பாதுகாப்புச் சங்கம் பயிற்சி பெற்றவர்களின் விவரத்தை இணையத்தில் வைத்திருக்கிறது. கட்டாயம் ஒருமுறை போய்க் காட்டுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, கை வேலை தானே.

ஒவ்வொரு பயணத்திலும்

சீற்றைப் பூட்டுவது ஒருநாள் வேலை, பிள்ளையைக் கட்டுவது தினசரி வேலை. பின்பக்கம் பார்த்தால் தோள்பட்டி, பிள்ளையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வரவேண்டும். முன்பக்கம் பார்த்தால் தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ. இரண்டு தோள்பட்டிகளையும் சேர்க்கும் மார்புக் கிளிப் அக்குள் உயரத்தில் நிற்கவேண்டும். வயிற்றில் தொங்கக்கூடாது. காறையெலும்பு இருக்கும் இடத்தில் பட்டியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ள முடிந்தால் தளர்வு.

இதில் எங்கள் வீடுகளுக்கென்றே சில சொல்லவேண்டும். பச்சைக் குழந்தையின் தலைக்கு அணையாக வீட்டில் தைத்த சின்னத் தலையணையை சீற்றுக்குள் வைக்காதீர்கள். சீற்றோடு வந்ததைத் தவிர வேறெந்த மெத்தையும் வேண்டாம். துணியால் சுற்றிய பிள்ளையை அப்படியே வைத்து மேலே கட்டவும் முடியாது. கால்களுக்கு நடுவே பட்டி போகவேண்டும். முப்பத்தோராம் நாள் கோயிலுக்குப் போகும்போதும், சாமத்தியவீட்டுக்குப் போகும்போதும் விறைத்த பட்டுப்பாவாடையைப் போட்டு சீற்றில் வைத்தால் பட்டி உடம்பில் படாது. சாதாரண உடுப்போடு ஏற்றி, மண்டப வாசலில் உடுப்பை மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் நித்திரை கலையும் என்று தூக்கும் சீற்றிலேயே பிள்ளையை மணிக்கணக்கில் தூங்க விடுவதும் ஆபத்து. தலை குனிந்து மூச்சுப்பாதை மடங்கும்.

குளிர்கால ஜக்கெற்தான் இந்த நாட்டின் தனிப் பிரச்சினை. அதன்மேல் பட்டியை இறுக்கினால் இறுக்கமாகவே தெரியும். மோதலில் பஞ்சு அமுங்கிப்போக, பட்டிக்கும் உடம்புக்கும் நடுவில் பெரிய இடைவெளி வந்து பிள்ளை வெளியே வழுகும். நம்பிக்கை வராவிட்டால் வீட்டில் செய்து பாருங்கள்: ஜக்கெற்றோடு கட்டி இறுக்குங்கள், பட்டியைத் தளர்த்தாமல் கழற்றுங்கள், ஜக்கெற்றை எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். எத்தனை விரல் உள்ளே போகிறது என்று பார்த்தால் போதும். காரை ஐந்து நிமிடம் முன்பே சூடாக்கி, மெல்லிய கம்பளிச் சட்டையோடு கட்டி, போர்வையை பட்டிக்கு மேலே போடுங்கள். ஜக்கெற்றைப் பின்பக்கமாகக் கைகளில் மாட்டிவிடுவதும் நல்ல வழி.

மற்றவர் காரும் டாக்சியும்

டாக்சி வாடகைக்கு ஓடும்போது அதன் ஓட்டுநருக்குப் பிள்ளைகள் சீற் விதியிலிருந்து விலக்கு உண்டு. விலக்கு ஓட்டுநருக்கு, மோதலின் வேகத்துக்கு இல்லை. கைக்குழந்தை உள்ளவர்கள் தூக்கும் சீற்றைக் கையோடு கொண்டுபோய் டாக்சியின் பெல்ற்றால் பூட்டப் பழகுங்கள். கைத்தொலைபேசிச் செயலியில் கூப்பிடும் காரை அந்த விலக்கை நம்பிக் கூப்பிடாதீர்கள். சீற் இல்லாவிட்டால் ஏறவே வேண்டாம். பெரிய மஞ்சள் பள்ளி பஸ்ஸில் பெல்ற் இல்லையே என்று பயப்படும் பெற்றோர் உண்டு. அதன் உயரமும், நெருக்கமாக அடுக்கிய உயர்ந்த மெத்தை முதுகுகளும் பிள்ளைகளைக் காப்பதற்கென்றே அமைந்தவை.

சொந்தக்காரர் காரில்தான் சங்கடம். "இந்தா, பக்கத்திலைதானே" என்பவரிடம் மறுப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். நான் இப்போது சொல்வது இதுதான்: "அண்ணை, ரிக்கெற் உங்களுக்குத்தான் விழும், உங்களுக்கு ஏன் கரைச்சல், நான் சீற்றை எடுத்துக்கொண்டு வாறன்." யாரும் கோபித்ததில்லை. பிள்ளையை அடிக்கடி கூட்டிப்போகும் அம்மம்மா வீட்டுக் காருக்கு இரண்டாவது சீற் ஒன்று வாங்கிப் பூட்டிவிட்டால் இந்தப் பேச்சே வராது.

13 வயது வரை பின் ஆசனத்தில் இருப்பதே நல்லது. இது சட்டமாக இல்லை, ஆனால் போக்குவரத்துத் துறையினர் சொல்லும் அறிவுரை; எங்கள் வீட்டில் அதைச் சட்டமாகவே வைத்திருக்கிறோம்.

பொலிஸ் மறித்தால் பதறவேண்டாம். காரை ஓரமாக நிறுத்தி, உரிமம், காப்புறுதி அட்டை, வாகனப் பதிவு மூன்றையும் கொடுங்கள். பிள்ளையைக் கட்டியிருப்பதை அவர் குனிந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

விபத்து நடந்திருந்தால், பிள்ளை அந்த நேரம் சீற்றில் இல்லாவிட்டாலும், சீற்றை மாற்றுங்கள். காப்புறுதி நிறுவனத்திடம் முறைப்பாடு பதியும்போதே சீற்றையும் சேர்த்துச் சொல்லி, அதன் விலையைத் தருவார்களா என்று கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

கடைசியாக, காலாவதியான சீற். அதைக் குப்பை நாளில் அப்படியே தெருவோரம் வைத்துவிடாதீர்கள். பட்டிகளைக் கத்தரியால் வெட்டி, துணியைக் கழற்றி, பிளாஸ்ரிக்கில் மையால் "பாவிக்கவேண்டாம்" என்று பெரிதாக எழுதி வையுங்கள். ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அந்தத் தெருவால், போன கிழமை வந்து இறங்கிய ஒரு குடும்பம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து போகக்கூடும்.